வெல்டரின் வருத்தக் கடிதம்

ரைட்டருக்கு அடுத்தவன் செய்த குற்றத்தை எழுதுவதென்றால் கை தானாக ஓடும். திருட்டோ, தீவைப்போ, கொலையோ, எதுவானாலும் ஒன்றரைப் பக்கம். அடித்தல் திருத்தல் கிடையாது. வெளியே இருந்த காலத்தில் பதிவு அலுவலக வாசலில் மேசை போட்டுப் பத்திரம் எழுதியவர். உள்ளே வந்த பதினோரு வருடத்தில் மனு எழுதி எழுதியே ஒரு மரியாதையைச் சம்பாதித்துவிட்டார். சிறை அலுவலகத்தில் கோப்புகளுக்கு நூல் கட்டும் வேலை, ஜன்னலோரம் ஒரு ஸ்டூல், குளிக்கப் போகும்போது வரிசையில் முந்தினாலும் யாரும் முறைக்காத சலுகை. அவருடைய சொந்தப் பெயர் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

சூப்பிரண்டுகள் வந்தார்கள், போனார்கள். மனிதனைத் திருத்த ஆளாளுக்கு ஒரு வழியைக் கையோடு கொண்டுவந்தார்கள். முதலாமவருக்குப் பயத்தின் மேல் நம்பிக்கை. அவர் காலத்தில் இருட்டறைகள் காலியாக இருந்ததே இல்லை. அடுத்தவருக்கு உழைப்பின் மேல். காலையில் குழி வெட்டச் சொல்வார், மாலையில் அதையே மூடச் சொல்வார். மூன்றாமவர் வண்ணத்தை நம்பினார். நீலம் கோபத்தைத் தணிக்கும் என்று எங்கோ படித்துவிட்டு எல்லாச் சுவருக்கும் நீலம் அடித்தார். அந்தச் சுவரில் ஒருவன் மண்டையை மோதி உடைத்துக்கொண்டபோது ரத்தம் பளிச்சென்று தெரிந்தது. அவ்வளவுதான் கண்ட பலன்.

இப்போதிருப்பவர் நிறையப் படித்தவர். கைதியை அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, 'நீங்கள்' என்றுதான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டவர். அவருக்கு மனவருத்தத்தின் மேல் நம்பிக்கை. தான் செய்ததைத் தானே கண் கொண்டு பார்ப்பதுதான் உண்மையான தண்டனை. அப்படிப் பார்த்துவிட்டவனை உள்ளே வைத்திருப்பதில் அர்த்தமில்லை. பார்க்க மறுக்கிறவனை வெளியே விடுவதிலும் அர்த்தமில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. செய்யாதவன் எதைப் பார்ப்பான் என்று அந்த உத்தரவில் ஒரு வரி இல்லை. நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு செய்யாதவன் என்று ஒருவன் இருக்க முடியாதல்லவா.

ஆக, பதினான்கு வருடத் தண்டனையில் ஒன்பதை முடித்தவன் முன்கூட்டி விடுதலைக்கு மனுப் போடலாம் என்று வழி திறந்தது. மனுவோடு ஒரு கடிதம் இணைக்க வேண்டும். காகிதத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர். கைதிகள் வைத்த பெயர் வருத்தக் கடிதம். அதை மூன்று பேர் கொண்ட குழு படித்து, ஆளையும் கூப்பிட்டு விசாரிக்கும்.

வருத்தக் கடிதத்துக்கு ரைட்டர் தனியாகவே ஒரு இலக்கணம் வைத்திருந்தார். முதல் வரியிலேயே 'நான்' வந்துவிட வேண்டும். 'நடந்துவிட்டது' ஆகாது, 'செய்தேன்' வேண்டும். குடியின் மேலும் கூட்டாளியின் மேலும் பழி போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சின்ன விஷயம் வேண்டும். பெரிய விஷயமெல்லாம் தீர்ப்பிலேயே இருக்கிறது. செய்தவனுக்கு மட்டும் தெரிந்த சின்ன விஷயம் ஒன்றைப் படித்தால்தான் குழுவில் இருப்பவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். கடைக்குத் தீ வைத்த ஒருவன், செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தது பாதி வழியில் நினைவு வந்து, எரிகிற கடைக்குத் திரும்பிப் போயிருந்தான். அதை எழுதிக் கொடுத்தார். நான்கே மாதத்தில் ஆள் வெளியே.

இருபத்தாறு பேருக்கு எழுதி, பத்தொன்பது பேர் வெளியே போயாயிற்று. தனக்கு மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நான் போயிட்டா உங்களுக்கெல்லாம் எவன் எழுதுவான்?" என்று சிரித்து மழுப்பிவிடுவார். கூடப் பிறந்த அண்ணனைக் கொன்றுவிட்டு வந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். தன்னை யாரும் 'அண்ணே' என்று கூப்பிட அவர் விட்டதில்லை. 

வெல்டர் வேறு ரகம். சிறைப் பட்டறையில் இரும்புக் கட்டில் செய்கிறவன். மச்சானை, அதாவது மனைவியின் தம்பியை, இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றதாக அவன் மேல் வழக்கு. முந்தின நாள் இருவருக்கும் வாய்த் தகராறு. கம்பி வெல்டருடைய கடைக் கம்பி. அந்த நேரத்தில் அவன் வேறெங்கோ இருந்ததாகச் சொல்ல ஆளில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? பதினான்கு வருடம். "நான் செய்யல" என்று அவனும் ஒற்றைக் காலில் நின்றான்.

உள்ளே யாரைக் கேட்டாலும் 'நான் செய்யல' என்றுதான் சொல்வார்கள். ரைட்டர் அதற்கெல்லாம் கொட்டாவி விடுவார். வெல்டரை மட்டும் நம்பினார். பொய் சொல்கிறவனிடம் ஒரு கதை இருக்கும்: எவனோ ஒருவன் வந்தான், கறுப்புச் சட்டை போட்டிருந்தான், இந்தப் பக்கமாக ஓடினான். வெல்டரிடம் கதையே இல்லை. பிறகு யார்தான் செய்திருப்பார்கள் என்று கேட்டால், "தெரியலியே ரைட்டரே" என்று திருதிருவென்று விழிப்பான்.

வெளியே அவனை நம்பியது ஒரே ஒரு ஜீவன், அவன் மனைவி. செத்தது அவள் தம்பி. கொன்றதாகச் சொல்லப்பட்டது அவள் புருஷன். "அவனா, நானா?" என்று அவள் அம்மா நீதிமன்ற வாசலிலேயே கேட்டாள். இவள் புருஷன் பக்கம் நின்றாள். அன்றோடு அம்மா வீட்டுக் கதவு அவளுக்கு அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை இரண்டு பஸ் மாறிச் சிறைக்கு வந்துவிடுவாள். ஒன்பது வருடத்தில் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை.

வெல்டர் இரண்டு முறை மனுப் போட்டு, இரண்டு முறையும் 'குற்ற உணர்வு காணப்படவில்லை' என்று திரும்பி வந்தது. மூன்றாவது முறை அவனே அலுவலகத்து ஜன்னலுக்கு வந்து நின்றான்.

"எழுதிடுங்க ரைட்டரே. நான்தான் செஞ்சேன்னே எழுதிடுங்க."

"என்னப்பா, திடீர்னு?"

"போன சனிக்கெழம எம் பொண்ணு அவங்கம்மாவ ஒண்ணு கேட்டா. அப்பாவுக்குக் கால் இருக்காம்மான்னு."

அவன் கைதானபோது மகள் வயிற்றில். அவள் அப்பாவைப் பார்த்ததெல்லாம் பார்வையாளர் கூடத்துக் கம்பிவலைக்குப் பின்னால்தான். அங்கே மார்பு உயரத்துக்குச் சுவர். வெல்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சொல்லி முடித்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ரைட்டருக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதல் கடிதத்தை எழுதிக் கொடுத்தார். குழுவுக்குப் போகும் முன் கடிதங்களைப் படித்துப் பார்க்கிற சிறை நலன் அலுவலர் அம்மா மூன்றே நாளில் அதைத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் சிவப்பு மையில் 'மேலோட்டமாக உள்ளது' என்று எழுதியிருந்தது. அந்த அம்மா கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கைதிகளுக்குக் காய்ச்சலென்றால் ஆளைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கிறவர். தான் செய்வது நன்மை என்று முழு மனதாக நம்பினார். அவரிடமிருந்து தப்பிப்பது அதனாலேயே கஷ்டமாக இருந்தது.

"பாருங்க ரைட்டர், இவரு ஒத்துக்குறேன்னு சொல்றாரே ஒழிய, அந்த எடத்துக்கே இவரு போகல. கொல நடந்த அறைக்குள்ள இவரு நிக்கணும். அப்பதான் வெளிய வர முடியும்" என்றார்.

ரைட்டர் வெல்டரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் பின்னாலிருந்த கட்டில் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மத்தியான நேரம். இரும்பெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏதாவது சொல்லுப்பா. அவன் எப்படி விழுந்திருப்பான்? என்ன பேசியிருப்பான்?"

"எனக்கெப்படித் தெரியும் ரைட்டரே? நான் அங்க இல்லையே."

"இருந்தேன்னு நெனச்சுக்க."

வெல்டர் கண்ணை மூடிப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். பாடம் வராத பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்தான். கடைசியில், "அவன் வந்தா கதவத் தட்டாம வருவான். வந்ததும் எம் பொண்டாட்டிகிட்டப் பசிக்குதுன்னுவான். எனக்கு அதான் ஞாபகம் வருது, வேற ஒண்ணும் வரல" என்றான். கண் கலங்கிவிட்டது. 

அவனை வேலைக்கு அனுப்பிவிட்டு ரைட்டர் தனியாக உட்கார்ந்து எழுதினார். சொந்தச் சரக்கு எதையும் சேர்ப்பது அவர் வழக்கமில்லை. ஆளைக் கிண்டிக் கிளறி அவனிடமிருந்தே எடுப்பதுதான் அவர் வேலை. இவனிடம் எடுக்க ஒன்றுமில்லை. பேனா நின்றது, பிறகு ஓடியது. ஓடிய வேகம் அவருக்கே பயமாக இருந்தது.

'நான் அடித்த பிறகு அவன் உடனே சாகவில்லை. தண்ணீர் கேட்டான். நான் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன். என் தொண்டை வறண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை நான் குடித்துவிட்டேன். இன்னொரு டம்ளர் கொண்டுவரலாம் என்று திரும்பினேன். அதற்குள் போய்விட்டான்.'

வெல்டருக்குப் படித்துக் காட்டினார்.

"இது எங்கேருந்து ரைட்டரே வந்துச்சு?"

"சும்மா, தோணுச்சு. கையெழுத்துப் போடு."

"எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா செத்துருவா."

"அவளுக்கு எப்படித் தெரியும்? மூணு பேரு படிப்பாங்க, நூலக் கட்டி அலமாரில வெப்பாங்க. அந்த நூலக் கட்டப்போறதே நான்தான். வேணும்னா சனிக்கெழம வர்றப்ப நேர்ல சொல்லிக்க. தபால்ல எழுதாத, பிரிச்சுப் படிப்பாங்க."

வெல்டர் கையெழுத்துப் போட்டான்.

குழு கூடியது. நலன் அலுவலர் அம்மா அந்தப் பகுதியை வாய்விட்டுப் படித்தாராம்; தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாராம். வெல்டரைக் கூப்பிட்டு, "இதெல்லாம் உண்மைதானா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறான். ஒன்பது வருடமாக நின்றதை ஒரே நிமிடத்தில் விட்டுக்கொடுக்கிறவன் வேறென்ன செய்வான்? அவர்கள் அதை மனவருத்தம் என்று எழுதிக்கொண்டார்கள். விடுதலைக்குப் பரிந்துரை ஆயிற்று. இன்னும் இரண்டு காகிதம் பாக்கி: இறந்தவனின் குடும்பத்திடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒன்று, வீட்டு விசாரணை அறிக்கை ஒன்று.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை மனைவி வரவில்லை.

"பஸ்ஸு கெடைக்கலையோ என்னவோ" என்றான் வெல்டர். மாலை கூடம் மூடும் வரைக்கும் சட்டையை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை தபாலைக் கோப்பில் சேர்க்கும்போது ரைட்டருக்கு விஷயம் விளங்கியது. ஆட்சேபணை இல்லை என்ற காகிதம் வந்திருந்தது. கீழே இறந்தவனுடைய அம்மாவின் கைநாட்டு. 'மருமகன் எழுதிய கடிதத்தை மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். செய்ததை ஒத்துக்கொண்டதால் மன்னிக்கிறேன்' என்று யாரோ அவளுக்காக எழுதியிருந்தார்கள். ரைட்டர் அவசர அவசரமாகப் புதுச் சுற்றறிக்கையைத் தேடி எடுத்தார். கடிதத்தின் நகலை இறந்தவரின் நெருங்கிய உறவுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று மூன்றாவது பத்தியில் இருந்தது. போன மாதமே வந்த சுற்றறிக்கை. அவரே நூல் கட்டி வைத்தது, படிக்காமல் கட்டியிருக்கிறார்.

இருபத்தாறு பேருக்கு எழுதியதில் செத்துப்போனவனுக்கு ஒரு அம்மா இருப்பாள், அவள் கைக்கும் இது போகக்கூடும் என்று ஒரு தடவைகூட அவர் நினைத்துப் பார்த்ததில்லை. இந்த முறை அந்த அம்மாவே எழுந்து, அடைத்து வைத்திருந்த கதவைத் திறந்து, மகள் வீட்டுக்குப் போய், மகள் வாயாலேயே படிக்க வைத்திருக்கிறாள்.

வெல்டரிடம் அவர் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை என்பதுதான் சரி.

மறுநாள் காலை வார்டர் வந்து அலுவலக வாசலில் நின்றார். "யோவ் ரைட்டரு, உன்னப் பாக்க ஆளு வந்திருக்கு. தங்கச்சியாம்."

பதினோரு வருடத்தில் அவரைப் பார்க்க ஈ காக்கா வந்ததில்லை. அவருக்குத் தங்கச்சியும் இல்லை. ஆனாலும் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனார்.

பார்வையாளர் கூடத்தில் இரண்டு கம்பிவலை, நடுவில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி. யார் யாரோ யார் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்கள். ரகசியம் பேச வழியில்லை. கத்தினால்தான் காதில் விழும். வார்டர் அந்த வரிசையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் வெல்டரின் மனைவி நின்றாள். தூரத்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறார். இப்போது பத்து வயது கூடிவிட்டவள் மாதிரி இருந்தாள். கையில் ஒரு காகிதம்.

"இது உங்க கையெழுத்துதானே? மனுவெல்லாம் நீங்கதான் எழுதிக் குடுப்பீங்கன்னு அவரு சொல்லியிருக்காரு."

"ஆமாம்மா."

"அவரு சொல்லித்தான் எழுதினீங்களா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும், அண்ணே. எந் தம்பி தண்ணி கேட்டானா?"

'அண்ணே' என்றதை அவர் திருத்தவில்லை. இரண்டு ஆள் தள்ளி வார்டர் நின்றுகொண்டிருந்தார். கடிதம் பொய் என்று ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்தால் மனு தள்ளுபடி. பொய்க் கடிதம் கொடுத்தவன் மறுபடி மனுப் போட வழி கிடையாது. இன்னும் ஐந்து வருடம். ரைட்டருக்கு அந்த விதி எண்ணோடு சேர்த்து மனப்பாடம். சொல்லாவிட்டால் வெல்டர் வெளியே வருவான், வந்து எங்கே போவான்?

"எங்கம்மா தண்ணி டம்ளரக் கையில எடுத்தாலே அழுவுறாங்க" என்றாள் அவள். "நான் அவரு துணியெல்லாம் எரிச்சுட்டேன். ஒம்பது வருஷமா மடிச்சு வெச்சிருந்தது. சொல்லுங்க. கேட்டானா?"

ரைட்டர் வலையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தம்பியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எனக்கு எங்க அண்ணனப் பத்தித்தான் தெரியும். நான் என் கதையச் சொல்றேன், கேக்குறீங்களா?"

அவள் புரியாமல் பார்த்தாள்.

"எனக்கும் அவருக்கும் ஒரே வீடு. பாதி பாதியாப் பிரிச்சு நடுவுல சுவரு கட்டுனோம். சுவரு எம் பக்கம் நாலு விரக்கட தள்ளி வந்துருச்சுன்னு சண்ட. நாலு விரக்கட. கையில கடப்பார இருந்துச்சு." 

வார்டர் நடையை நிறுத்தி இவர் பக்கம் திரும்பினார். ரைட்டர் இதைப் பற்றி வாய் திறந்து அவர் கேட்டதில்லை. ரைட்டர் நிறுத்தவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார்.

"உடனே சாகல. தண்ணி குடுடான்னாரு. போயி ஒரு டம்ளர் கொண்டாந்தேன். என் தொண்ட வறண்டு கெடந்துச்சு. அவரு பாத்துக்கிட்டே இருக்காரு, நான் குடிச்சுட்டேன். இன்னொண்ணு கொண்டாரலாம்னு திரும்புனேன். அதுக்குள்ள..." குரல் உடைந்தது. "இத நான் கோர்ட்டுலயும் சொல்லல. எவன்கிட்டயும் சொன்னதில்ல. ஒரே ஒரு தடவ எழுதினேன்."

வார்டர் இரண்டு நொடி பார்த்துவிட்டு, "பதினோரு வருஷம் கழிச்சுத் தங்கச்சிகிட்ட அழுவுறான்யா" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டே வரிசையின் மறுகோடிக்கு நகர்ந்துவிட்டார்.

அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். சுவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ அவரு..."

ரைட்டர் சட்டென்று கையை உயர்த்தினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவில்லை. ஒரு நொடி அவள் முகத்தில் பழைய வயது திரும்பி வந்தது. தம்பி தண்ணீர் கேட்டுச் சாகவில்லை. புருஷன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அந்த ஒரு நொடி சந்தோஷத்தைக் கண்டதும் ரைட்டருக்குத் தன் பதினோரு வருடத்தில் ஒரு வேலையாவது உருப்படியாகச் செய்துவிட்டோம் என்று தோன்றியது. அது நீடிக்கவில்லை.

"எங்கம்மாகிட்டப் போயிச் சொல்லிடறேன்" என்றாள்.

"சொல்லக்கூடாதும்மா."

"ஏன்?"

"அவங்க கைநாட்டு வெச்சிருக்கிறதே இத நம்பித்தான். நீங்க சொன்னா வாபஸ் வாங்கிருவாங்க. அப்புறம் அவரு வரமாட்டாரு."

"வந்தப்புறம் சொல்றேன்."

"வந்தப்புறமும் அஞ்சு வருஷத்துக்கு இவங்க கையிலதான் இருப்பாரு. எப்ப வேணா திருப்பிக் கூட்டிட்டு வருவாங்க."

அவள் அதை மெல்ல மெல்ல விழுங்கினாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அம்மா அவள் வீட்டுக்கு வந்து, அவள் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டு, 'இப்பவாவது உனக்குப் புரிஞ்சுதா' என்று அழுதிருக்கிறாள். அந்த மடி இனி இந்தப் பொய்க்கு மட்டும்தான் திறந்திருக்கும்.

"வியாழக்கெழம வீட்டுக்கு அதிகாரி வர்றாங்களாம். என்ன கேப்பாங்க?"

ரைட்டருக்குச் சொல்ல மனமில்லை. ஆனால் அது அவர் தொழில். "உங்க புருஷன்தான் செஞ்சாருன்னு நீங்க ஒத்துக்குறீங்களான்னு கேப்பாங்க. குடும்பம் ஒத்துக்கலைன்னா அந்த வீட்டுக்கு ஆள விடமாட்டாங்க. அங்க போனா மறுபடி மறைக்கத்தான் பழகுவான்னு அவங்க எண்ணம்."

"நானா? நான் சொல்லணுமா?" அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பு ரைட்டருக்குத் தாங்கவில்லை. "ஒம்பது வருஷமா ஊரே சொன்னப்ப இல்லன்னு சொன்னவ நான். ரெண்டு நாள் முன்னாடி அந்த அதிகாரி வந்திருந்தா நெஜமாவே சொல்லியிருப்பேன். இப்ப தெரிஞ்சுக்கிட்டப்புறம் எப்படிச் சொல்றது?"

"தெரியாமயே இருந்திருக்கலாம்தான்."

"இல்ல. அப்படி வேணாம்" என்றாள் உடனே. காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முகத்தை முழங்கையால் துடைத்தாள். "சொல்லிக் குடுங்க. எப்படிச் சொன்னா நம்புவாங்க?"

வார்டர் திரும்பி இந்தப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார். இனிப் பேசப்போவது அவர் காதில் விழுந்தாலும் பாதகமில்லை.

"மொதல்ல நீங்க சொல்லுங்க, பாப்போம்."

"எந் தம்பி விஷயத்துல அவரால தப்பு நடந்துபோச்சு..."

"நடந்துபோச்சுன்னு சொல்லாதீங்க. யாரு செஞ்சான்னு வரணும்."

"என் புருஷன்தான்..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். மறுபடி ஆரம்பித்தாள். அந்த இரைச்சலில் அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று கை காட்டினார்.

"என் புருஷன்தான் எந் தம்பியக் கொன்னாரு" என்று அவள் கத்தினாள்.

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வார்டர் பேசாமல் கடந்து போனார். அவருக்கு இது தெரிந்த விஷயம்தான். 

"இன்னொரு தடவ. அவசரப்படாம."

மூன்றாவது தடவை தடுமாறாமல் சொன்னாள். நான்காவது தடவை கண்ணீர்கூட வரவில்லை. நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. அவள் இரண்டு எட்டு வைத்தவள் திரும்பி வந்து வலையில் முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

"அண்ணே, என் பொண்ணையும் கேப்பாங்களா?"

"வீட்ல இருக்குற எல்லாரையும் கேப்பாங்க."

"அவகிட்டப் போன வாரமே சொல்லிட்டேன். உங்கப்பாதான் மாமாவக் கொன்னாரு, இனிமே அப்பான்னு கேக்காதன்னு. அவளுக்கு என்ன சொல்லிக் குடுக்கணும்?"

ரைட்டருக்கு யோசிக்க ஒன்றுமில்லைதான், சொல்வதற்குத்தான் நேரம் பிடித்தது.

"அவளுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேணாம்மா" என்றார். "அவ நெஜமாவே நம்புறா. அவ நல்லாச் சொல்லிடுவா."